பெட்டிக்குப் பாலம்! ஆளுக்கு மலையா?



கொச்சியிலிருந்து மதுரைக்கு எவ்வளவு தூரம்? நம்மில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். "ஒரு ராத்திரி" என்பார் ஒருவர். "இரண்டு நாள் கூலி" என்பார் இன்னொருவர். "பொங்கலுக்கும் சாவுக்கும் மட்டும் போகிற தூரம்" என்பார் ஒரு தாய். கிலோமீட்டரில் பதில் சொல்பவர் அநேகமாக இருக்க மாட்டார். வல்லார்பாடத்திலும் மட்டாஞ்சேரியிலும் வாத்துருத்தியிலும் குடியிருக்கும் நமக்குத் தூரம் என்பது கால்வலியும் கைக்காசும் சேர்ந்த ஒன்று.

எனினும் கிலோமீட்டர் கணக்கையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நமக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்கள் யாவும் அந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகின்றன. "தூரம் அதிகம், மலை குறுக்கே இருக்கிறது, என்ன செய்வது?" என்கிறார்கள். தூரம் உண்மையில் எவ்வளவு, மலை யாருக்குக் குறுக்கே நிற்கிறது, யாருக்கு வழிவிடுகிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

காக்கை பறக்கும் தூரம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்திருக்கும் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கொச்சியும் மதுரையும் ஏறத்தாழ ஒரே கோட்டில், வடக்கே பத்தாவது அட்சரேகையை ஒட்டி, கிழக்கு மேற்காக இருக்கின்றன. நடுவே ஒரு நூலைப் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தேனி இன்னும் கிட்டே, 130 கிலோமீட்டர்தான். கோவை 140. திருநெல்வேலி 215. நம் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வட்டத்துக்குள் இருக்கும் ஊர்களிலிருந்தே வந்தவை. பிழைப்புக்காக நாம் ஏழு கடல் தாண்டி வந்துவிடவில்லை. ஒரு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறோம், அவ்வளவே.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சிறிய விமானம் ஒன்று கொச்சியில் கிளம்பி நேராக மதுரையில் இறங்கினால், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போய், பஸ்ஸில் நெரிசலில் நின்று, இறங்கி நடக்கும் நேரமும் அதுதான்.

இனி நாம் போகும் வழியைப் பாருங்கள். மூணாறு, போடி, தேனி வழியாக மதுரைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இருக்கிறது. 270 கிலோமீட்டருக்கு மேல் வரும் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். ரயிலில் போனால் இரண்டு வழி. வடக்கே பாலக்காடு போய், பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று சுற்றி வருவது ஒன்று. தெற்கே கொல்லம் போய், புனலூர், செங்கோட்டை, ராஜபாளையம், விருதுநகர் என்று சுற்றி வருவது மற்றொன்று. எந்த வழியில் போனாலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். காக்கைக்கு 200, நமக்கு 400! தேனிக்காரர் ரயிலிலேயே ஊர் சேர வேண்டுமென்றால் மதுரைவரை போய், வண்டி மாறி, வந்த திசையிலேயே மேற்கே திரும்ப வேண்டும். 130 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊருக்கு அவர் 470 கிலோமீட்டர் போகிறார்.

விமான நேரமும் நம் நேரமும்

"இப்போதுதான் எல்லோரும் விமானத்தில் போகிறார்களே, ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை" என்று சிலர் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளும் கைபேசியில் பார்த்துவிட்டு அப்படியே சொல்கிறார்கள். கொச்சிக்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாக 520 கிலோமீட்டர் போல வரும். அதைப் பறந்து கடக்க ஒன்றேகால் மணி நேரம் என்பது உண்மையே. ஆனால் அது விமானத்தின் நேரம். மனிதனின் நேரம் அதில் அடங்கவில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு நம் ஊர் அங்கே இருக்கிறதா? திருநெல்வேலிக்காரர் சென்னையில் இறங்கினால் திரும்பத் தெற்கே 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆகவே ஒன்றேகால் மணி என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் கண்டு நாம் மயங்க வேண்டியதில்லை.

அடுத்தது கட்டணம். ரயிலில் கட்டணம் தூரத்துக்கு ஏற்றபடி இருக்கும் என்பது நாம் பழகிய நீதி. விமானத்தில் அவசரத்துக்கு ஏற்றபடி கட்டணம். ஒரு மாதம் முன்னால் வாங்கினால் ஒரு விலை, இன்று மாலை போக வேண்டுமென்றால் வேறு விலை. பண்டிகைக்கு லீவு போட்டு ஊருக்குப் போகும் உத்தியோகஸ்தர் ஒரு மாதம் முன்னால் வாங்கிவிடலாம். நாம் எப்போது அவசரமாகப் போகிறோம்? அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று சேதி வரும்போது போகிறோம். சாவு ஒரு மாதம் முன்னால் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நமக்கு விமானம் உண்மையாகவே தேவைப்படும் அந்த ஒரே நாளில் அதன் விலை உச்சத்தில் நிற்கிறது.

இதை மாற்ற முடியாது, சந்தை அப்படித்தான் என்று சொல்லப்படுகிறது. அது சரியல்ல. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, மத்திய அரசு பறக்கும் நேரத்தை அளவாக வைத்துக் கட்டணத்துக்கு அடிவரம்பும் மேல்வரம்பும் கட்டியது. 40 நிமிடத்துக்குக் குறைவாகப் பறந்தால் தொடக்கத்தில் 2,000 ரூபாய் முதல் 6,000 ரூபாய் வரை. நேரம் கூடக்கூட அதற்குத் தக்கபடி. 2022 ஆகஸ்ட் கடைசிவரை அந்த முறை இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். 2025 டிசம்பரில் ஒரு பெரிய விமானக் கம்பெனியின் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகி, மற்ற கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியபோது, அரசு உடனே தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அப்படியானால் வரம்பு கட்ட முடியும். வசதியுள்ளவர்கள் விமான நிலையத்தில் சிக்கித் தவித்தபோது முடிந்தது. தினமும் எங்கோ ஒரு கூலிக்காரன் தகப்பன் முகம் பார்க்க முடியாமல் தவிக்கும்போது மட்டும் ஏன் முடியாது?

ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்று பிரதமர் பேசி, 'உடான்' திட்டத்தின் முதல் விமானத்தை 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவில் தொடங்கிவைத்தார். ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய், விமானத்தில் பாதி இருக்கைகளுக்கு மட்டும் என்பது திட்டம். அந்தத் திட்டத்தின்கீழ் 2023 அக்டோபரில் சேலத்துக்கும் கொச்சிக்கும் இடையே சிறிய விமானம் விடப்பட்டது. நாம் இதை எதிர்ப்பவர்களல்ல. உழைப்பவனுக்கும் ஆகாயத்தில் பங்கு உண்டு. ஆயின் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஐந்து பேர் ஊருக்குப் போய் வர அந்த விலையிலேயே எவ்வளவு ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். குடும்பமாகப் போகிறவனுக்கு ரயில்தான் வண்டி. இதில் சந்தேகம் வேண்டாம்.

துபாய் கிட்டே, திருநெல்வேலி எட்டே

கொச்சிக்கும் துபாய்க்கும் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. கொச்சிக்கும் திருநெல்வேலிக்கும் நேர்க்கோட்டில் 215 கிலோமீட்டர். பாலருவி எக்ஸ்பிரஸில் பத்து மணி நேரம் போல ஆகிறது. பதின்மூன்று மடங்கு தூரத்துக்குப் பாதி நேரம்கூட இல்லை.

இதை மலையாளிச் சகோதரர்கள்மீது பொறாமையால் சொல்லவில்லை. வளைகுடாவில் வெயிலில் காயும் மலையாளித் தொழிலாளியும் நம்மைப் போன்ற கூலிக்காரன்தான். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கட்டணத்தை ஏற்றி அவனிடமும் பறிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வளைகுடா மலையாளிகள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்துக் கட்டணக் கொள்ளையைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். மந்திரி வந்தால் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகைகளை எழுதவைத்தார்கள். அந்த நெருக்குதலின் நடுவேதான் 2005 ஏப்ரலில் குறைந்த கட்டணத்துக்கென்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற அரசு விமானக் கம்பெனி கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கத் தொடங்கியது. எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. இன்று அந்தக் கம்பெனியும் தனியார் கைக்குப் போய்விட்டது. எனினும் கேட்டதனால் ஒன்று கிடைத்தது. நாம் கேட்டிருக்கிறோமா?

இங்கே நம்மை 'அதிதி தொழிலாளி' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். விருந்தாளி என்று பொருள். நல்ல வார்த்தை. ஆனால் விருந்தாளி என்றால் வந்த வீட்டில் சாப்பாடும், திரும்பிப் போக வழியும் இருக்க வேண்டுமல்லவா?

மலை யாருக்கு வழிவிட்டது?

மலை குறுக்கே நிற்கிறது என்பது பழைய சாக்கு. கண்ணன் தேவன் மலையில் தேயிலை விளைந்தபோது வெள்ளைக்காரத் துரைமார் மலையைக் கண்டு மலைத்து உட்காரவில்லை. 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908ல் அதைச் சிறிய ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை ஆகாயத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து போடிக்கு வண்டியில் போயிற்று. தேயிலைப் பெட்டிக்கு அந்தக் காலத்திலேயே ஆகாய மார்க்கம் இருந்தது, தோழர்களே! அந்தத் தேயிலையைப் பறிக்கப் போன நம் முன்னோர் போடியிலிருந்து சுமையைத் தலையில் வைத்து, கைக்குழந்தையை இடுப்பில் வைத்து, அதே மலையில் நடந்து ஏறினார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. அதற்குப் பதிலாக மக்களுக்கென்று ஒரு ரயில் அந்த மலைமேல் இன்றுவரை போடப்படவில்லை.

தெற்கே ஆரியங்காவு கணவாயில் 1904ல் குகை குடைந்து, பதின்மூன்று கண் பாலம் கட்டி, கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் மீட்டர் கேஜ் ரயில் விட்டார்கள். அதுவும் நம்மைக் கருதி அல்ல, கொல்லம் துறைமுகத்துச் சரக்கைக் கருதி. ஆனாலும் அந்த வண்டி நூறு ஆண்டு நம் ஏழை சனங்களைச் சுமந்தது என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது பழைய கதை. இனி நம் கண்முன் நடந்ததைப் பாருங்கள்.

வல்லார்பாடத்துப் பாலம்

வல்லார்பாடத்தில் கன்டெய்னர் துறைமுகம் வந்தது. கப்பலில் வரும் பெட்டியை ரயிலில் ஏற்றி அனுப்ப இடப்பள்ளியிலிருந்து இந்தத் தீவுக்கு 8.86 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதில் 4.62 கிலோமீட்டர் வேம்பநாட்டுக் காயல்மேல் பாலம். 132 கண். கட்டிய காலத்தில் இந்தியாவிலேயே நீளமான ரயில் பாலம் அதுதான். 2007 ஜூனில் வேலை தொடங்கி 2010 மார்ச்சில் பாலம் முடிந்தது. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 2011 பிப்ரவரி 11 அன்று துறைமுகம் திறக்கப்பட்டது.

இந்தப் பாதைக்கும் சாலைக்கும் இடம் எடுக்க 2008 பிப்ரவரியில் மூலம்பள்ளியில் வீடுகளை இடித்தார்கள். மூலம்பள்ளியும் சுற்றுக் கிராமங்களுமாக 316 குடும்பங்கள் வீடிழந்தன. மாற்று இடமும் வேலையும் தருவதாக அரசு வாக்களித்த பிறகும் அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. அவர்கள் மலையாளிகள். நம் தீவுக்கரைச் சகோதரர்கள். அந்தப் பாலத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பாலத்தில் அவர்களும் ஏற முடியாது, நாமும் ஏற முடியாது. அது சரக்கு வண்டிக்கு மட்டும் என்று போட்ட பாதை.

அதே ஆண்டுகளில் நம் பாதைகளுக்கு என்ன நேர்ந்தது? அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று 2010 செப்டம்பரில் புனலூர்–செங்கோட்டை வண்டியை நிறுத்தினார்கள். முழுப்பாதையும் மறுபடி திறந்தது 2018 ஜூனில். எட்டு ஆண்டு போல! 1928 முதல் ஓடிய மதுரை–போடி வண்டி 2010 டிசம்பரோடு நின்றது. தேனிவரை வர 2022 மே ஆயிற்று. போடி சேர 2023 ஜூன் ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல்! அந்த வருடம் பிறந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை போடிக்கு ரயில் இல்லை.

குகைகளும் பாலங்களும் நிறைந்த மலையில் பாதை மாற்றுவது கடினம் என்பதை ரயில்வே வேலையில் இருப்பவர்கள் அறியாமல் இல்லை. செங்கோட்டைப் பாதைக்கு அந்தச் சலுகையைக் கொடுப்போம். ஆனால் மதுரைக்கும் போடிக்கும் நடுவே ஆண்டிபட்டிக் கணவாயை விட்டால் என்ன மலை இருக்கிறது? பாதை ஏற்கெனவே இருந்தது, நிலம் ரயில்வேயுடையது. இல்லாமல் போனது பணமும் அவசரமும் மட்டுமே. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு ஒதுக்கினால் வேலை அப்படித்தான் நகரும். காயலின் நடுவே கடலோரச் சேற்றில் தூண் இறக்கி நாலரைக் கிலோமீட்டர் பாலத்தை மூன்று ஆண்டுக்குள் கட்டத் தெரிந்தவர்களுக்கு, சமவெளியில் இருந்த பாதையை மாற்றப் பன்னிரண்டு ஆண்டு! ஒன்று பெட்டிக்கான பாதை, மற்றது ஆளுக்கான பாதை. வேறு காரணம் இருந்தால் சொல்லட்டும்.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். வெலிங்டன் தீவு ஹார்பர் டெர்மினஸ் வரை ஒருகாலத்தில் தூரத்து ரயில் வந்தது. நம் பெரியவர்கள் மூட்டையோடு அங்கே இறங்கி நடந்தே வீடு வந்தார்கள். 2004க்குப் பிறகு அங்கே பயணிகள் வண்டி நின்றது. 2018ல் சிறிய வண்டி ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், சில மாதத்தில் அதையும் நிறுத்தினார்கள்.

தூரம் எதையெல்லாம் தின்கிறது?

முதலில் கூலியை. சனிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பும் கொத்தனார் ஞாயிறு காலை ஊர் சேர்கிறார். ஞாயிறு இரவு மறுபடி வண்டி. முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாசலில் நின்றபடி விடியவிடிய வந்தவர் திங்கட்கிழமை சாரத்தில் ஏற முடியுமா? ஏறினால் விழுவார். ஆகவே ஒரு பகல் பெற்றோரோடு இருக்க அவர் இழப்பது வண்டிச் சத்தமும் ஒரு நாள் கூலியும். கூடப் போகும் சித்தாள் மனைவியின் கூலியைச் சேர்த்தால் இரண்டு நாள்.

அடுத்தது கடைசி முகம். முன்பெல்லாம் தந்தி வரும். தந்தி வருவதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிடும். ஆகவே மனசு ஒருவாறு ஆறும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. இன்று மூச்சு நின்ற அரை மணியில் கைபேசியில் சேதி வருகிறது, படமும் வருகிறது. சேதி ஒரு நொடியில் மலை தாண்டுகிறது, மகன் தாண்டப் பத்து மணி நேரம். அங்கே உறவுக்காரர்கள் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்துக் காத்திருக்கிறார்கள். "எங்கே வருகிறாய்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறார்கள். அவன் ஆலுவாவில் நிற்கிறேன் என்கிறான், பாலக்காட்டில் நிற்கிறேன் என்கிறான். வாய்க்கரிசி போடவும் முடியாமல், சுடுகாட்டுச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் லைன் வீடுகளில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அடுத்தது ஓட்டு. பெயர் ஊரில், ஆள் இங்கே. 2021 சட்டமன்றத் தேர்தல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாள், ஏப்ரல் 6. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. தமிழ்நாடு ஓட்டுப் போட்ட அந்த வெள்ளிக்கிழமை இங்கே சாதாரண வேலை நாள். கூலியை விட்டு, நின்றுகொண்டே ஊர் போய் ஓட்டுப் போட எத்தனை பேரால் முடிந்தது? இருக்கும் இடத்திலிருந்தே ஓட்டுப் போடும் இயந்திரம் என்று 2023 ஜனவரியில் தேர்தல் கமிஷன் கட்சிகளை அழைத்தது. அதற்குப் பின் காரியம் நகரவில்லை. ஓட்டுப் போட முடியாதவனின் பாதைக்கு எந்த எம்.பி. வாதாடுவார்? தூரம் ஓட்டைத் தின்கிறது. ஓட்டில்லாததால் தூரம் குறையாமலே நிற்கிறது.

கடைசியில் உயிரையும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பயணிகள் ரயில் முழுவதும் நின்றது. சரக்கு ரயில் மட்டும் ஓடியது. நாட்டுக்கு அரிசியும் மருந்தும் வேண்டும், அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஆள் போக வேண்டியதை யாரும் நினைக்கவில்லை. அந்த மார்ச்சில், பஸ் இல்லாததால் இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் மலைக்காட்டு வழியே நடந்தே ஊருக்கு இறங்கினார்கள். போடிக்கு அருகே இராசிங்காபுரம் மலையில் காட்டுத் தீயில் சிக்கிச் சிலர் மாண்டார்கள். அதில் ஒரு குழந்தையும் அடக்கம். வரைபடத்தில் சில விரற்கடை தூரம் அது. அந்தப் பக்கம் அவர்கள் ஊர்.

நாம் கேட்பது என்ன?

வண்டியே இல்லை என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. பாலருவி உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து பாலக்காடு வழியாக மதுரைக்கும் அதற்கப்பாலும் போகும் அமிர்தா உண்டு. குருவாயூர்–மதுரை வண்டி உண்டு. ஆனால் அமிர்தா நள்ளிரவு தாண்டி எர்ணாகுளம் வரும்போது தெற்கிலிருந்தே நிரம்பி வருகிறது. பாலருவி மலைக்கு முன்னும் பின்னும் நின்று நின்று போகிறது. 2025 நவம்பரில் எர்ணாகுளத்திலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் விட்டார்கள். 630 கிலோமீட்டருக்கு மேல், 8 மணி 40 நிமிடம். வேகமாக ஓட்ட ரயில்வேக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூட இல்லை.

"ஏழைகள் வண்டியில் வருமானம் இல்லை, சரக்கில்தான் வருமானம்" என்பது அதிகாரிகளின் பதில். ரயில்வேயின் வருமானத்தில் பெரும்பங்கு சரக்கிலிருந்து வருகிறது என்பது உண்மை. அந்தச் சரக்கை ஏற்றுவது யார், இறக்குவது யார், கிடங்கு கட்டியது யார், தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டியது யார் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. உழைப்பாளி ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் பெட்டி நகரும். ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல.

ஒன்று: தமிழ்நாடு போகும் இந்த வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். அதில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பெட்டி வேண்டும்.

இரண்டு: வேலை முடிந்து ஏற வசதியாக, மாலையில் எர்ணாகுளத்திலேயே புறப்படும் வண்டி ஒன்று பாலக்காடு, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வேண்டும். வேறெங்கோ நிரம்பி வரும் வண்டி நமக்கு உதவாது.

மூன்று: ஹார்பர் டெர்மினஸுக்குப் பயணிகள் வண்டி திரும்ப வர வேண்டும். வல்லார்பாடம் பாதையிலும் சரக்கு வண்டி ஓடாத நேரத்தில் காலை மாலை ஒரு வண்டியாவது ஆட்களுக்கு விட முடியுமா என்று ரயில்வே ஆராய்ந்து பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். இது தீவு மக்களும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை.

நான்கு: பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி சாவுக்குப் போகிறவருக்கு ரயிலில் அன்றைக்கே இடம் வேண்டும். விமானத்தில் அன்று எவ்வளவு அவசரமானாலும் தூரத்துக்குரிய கட்டணமே வாங்க வேண்டும்.

ஐந்து: ஓட்டுப் போடும் நாளுக்கு முன்னும் பின்னும் சாதாரணக் கட்டணத்தில் தனி வண்டிகள் வேண்டும். சிறப்பு வண்டி என்று பெயர் வைத்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் வேலை வேண்டாம்.

கேட்டால் நடக்குமா என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வல்லார்பாடத்துக்கும் வைப்பினுக்கும் பாலம் வேண்டுமென்று இந்தத் தீவு மக்கள் தலைமுறைக் கணக்கில் கேட்டார்கள். காற்றிலும் மழையிலும் படகில் போய்க்கொண்டே கேட்டார்கள். 2004ல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. அதுவரை படகுக்குக் காத்து நின்ற தூரம் இன்று பஸ்ஸில் சில நிமிடம். கொச்சிக்காயல் அன்றும் அதே அகலம்தான், இன்றும் அதே அகலம்தான்.

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்ய வேண்டும். பிள்ளைகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதுங்கள். உங்கள் ஊர் எது? வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை எத்தனை மணி நேரம்? எத்தனை வண்டி மாறினீர்கள்? போக வர ஒரு ஆளுக்குச் செலவு எவ்வளவு? எத்தனை நாள் கூலி போயிற்று? உட்கார இடம் கிடைத்ததா? கடந்த தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா? எந்தச் சாவுக்குப் போய்ச் சேர முடியவில்லை? எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தரட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மறவாமல் கொண்டுவாருங்கள்.

அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டித் தெற்கு ரயில்வே அதிகாரிகளிடமும், எர்ணாகுளம், மதுரை, தேனி, தென்காசி, திருநெல்வேலி எம்.பி.க்களிடமும் நேரில் கொடுப்போம். அவர்களிடம் வரைபடம் இருக்கிறது, விமான அட்டவணை இருக்கிறது. நாம் எழுதித் தரும் இந்தத் தூரக் கணக்கு மட்டும் அவர்களிடம் இல்லை. கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். பெண்கள் அவசியம் வாருங்கள்.